சிறிய சோடியத்தை நிறுத்தி பெரிய பொட்டாசியத்தை விடும் துளை

சோடியம் அயனி சிறியது. பொட்டாசியம் அயனி அதைவிடப் பெரியது. முதலாவதன் ஆரம் சுமார் 0.95 ஆங்ஸ்ட்ராம், இரண்டாவதன் ஆரம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம். இரண்டு அயனிகளுக்கும் மின்சுமை ஒரே அளவு, ஒரே வகை: நேர்மின் ஒன்று. ஆரத்தில் இருக்கும் அந்த 0.4 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசத்தைத் தவிர இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஒரு நுண்ணிய துளை இருக்கிறது. அதன் வழியாக விநாடிக்குப் பத்துக் கோடி பொட்டாசியம் அயனிகள் வரை போக முடியும். ஆனால் சோடியம்? பத்தாயிரம் பொட்டாசியம் போகும் நேரத்தில் ஒரு சோடியம் நுழைந்தாலே அதிகம். துளை என்றால் பெரியது நிற்கும், சிறியது போகும். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு அயனியையும் நிறுத்தி வைத்துச் சோதிக்க நேரமே இல்லாத வேகத்தில்.

இந்தத் துளைக்குப் பெயர் பொட்டாசியம் அயனிக் கால்வாய். இது எப்படி வேலை செய்கிறது என்பதை அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னன். 1998-இல் அந்தப் படம் வெளியானது. ஐந்தே ஆண்டுகளில், 2003-இல், வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செல்லுக்குள் தண்ணீர் போகும் கால்வாயைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேயும் அவரும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மெக்கின்னன் என்ன கண்டுபிடித்தார், அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

செல்லுக்கு எதற்குக் கால்வாய்?

செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. அயனிகளோ மின்சுமை உள்ளவை. தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும், கொழுப்புக்குள் இறங்கவே இறங்காது. ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன. தண்ணீர் மூலக்கூறில் ஆக்ஸிஜன் இருக்கும் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மை கொண்டது. அந்தப் பக்கத்தை நேர்மின் அயனியை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு அவை ஒட்டி நிற்கும். இந்தத் தண்ணீரை விட்டுப் பிரிந்து கொழுப்புக்குள் நுழைவது அயனிக்குக் கட்டுப்படியாகாத காரியம். எனவே சவ்வைக் கடக்க ஒரு தனி வழி வேண்டும். அந்த வழிதான் கால்வாய். அது ஒரு புரதம். சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீண்டு, நடுவில் துளையோடு இருக்கும் புரதம்.

செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பொட்டாசியம் என்ற வரிக்கு எதிரே 3.5 முதல் 5 வரை சரியான அளவு என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செல்லுக்கு வெளியே இருக்கும் அளவு. அதே அலகில் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் சுமார் 140. இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததல்ல. சவ்வில் இருக்கும் ஒரு பம்பு ஆற்றலைச் செலவழித்து, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பம்பு மெதுவானது. விநாடிக்குச் சில நூறு அயனிகள்தான் அதனால் முடியும். கால்வாயோ ஆற்றல் எதையும் செலவழிப்பதில்லை. பம்பு மெதுவாகச் சேர்த்து வைத்த ஏற்றத்தாழ்வை அது வேகமாகப் பயன்படுத்துகிறது. அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்கு அயனிகள் தாமாகவே பாய்கின்றன.

சரி, பாய்வதால் என்ன நடக்கிறது? பொட்டாசியம் கால்வாய் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அதிகமாக இருக்கும் பொட்டாசியம் வெளியேறத் தொடங்கும். ஒவ்வொன்றும் போகும்போது ஒரு நேர்மின்சுமையைக் கையோடு கொண்டுபோகிறது. உள்பக்கம் மெல்ல எதிர்மின் ஆகிறது. அந்த எதிர்மின், மேலும் வெளியேறப் பார்க்கும் பொட்டாசியத்தைப் பின்னால் இழுக்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு இழுப்பும் ஏறக்குறையச் சமமாகிவிடும். நரம்பு செல்லில் அந்த நிலையில் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கும்.

70 மில்லிவோல்ட் என்று கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் சவ்வின் கொழுப்புப் பகுதி 30 முதல் 40 ஆங்ஸ்ட்ராம் தடிமன்தான். அத்தனை மெல்லிய இடத்தில் 70 மில்லிவோல்ட் என்றால் மீட்டருக்குச் சுமார் 2 கோடி வோல்ட் என்ற கணக்கு வருகிறது. மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் இருந்தாலே காற்றில் மின்பொறி பறந்துவிடும். நம் ஒவ்வொரு செல்லும் அதைவிடப் பல மடங்கு வலுவான மின்புலத்தைத் தாங்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

சோடியம் கால்வாய்கள் திறந்தால் சோடியம் உள்ளே பாய்ந்து இந்த அழுத்தம் தலைகீழாகும். பிறகு பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவரும். நரம்பில் ஓடும் செய்தி இந்த ஏற்ற இறக்கம்தான். இதயம் துடிப்பதும் இதே வகை ஏற்ற இறக்கத்தால்தான். சிறுநீரகம் பழுதான நோயாளிகளிடம் இளநீர் குடிக்காதீர்கள், வாழைப்பழம் சாப்பிடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் மிச்சத்தை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் 5-லிருந்து 7, 8 என்று ஏறினால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, இதயத்தசை செல்களின் ஓய்வு மின்னழுத்தம் கலைகிறது. துடிப்பின் தாளம் தப்பி இதயம் நின்றுபோகக்கூட வாய்ப்பு உண்டு.

மெக்கின்னனுக்கு முன்னால்

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்காகவே எழுதிக் காட்டியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் கணவாயின் ராட்சத நரம்பிழையை வைத்துச் சோதனைகள் செய்து, 1952-இல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அந்த நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை பருமன் உள்ளது, உள்ளே கம்பியைச் செருகி அளக்கலாம். சோடியமும் பொட்டாசியமும் தனித்தனி வழியில், தனித்தனி நேரத்தில் போகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். ஆனால் அந்த வழி எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. 1955-இல் ஹாட்ஜ்கினும் ரிச்சர்ட் கெய்ன்ஸும் இன்னொரு துப்பைக் கொடுத்தார்கள்: பொட்டாசியம் அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில் போவது போலத் தெரிகிறது. அதாவது வழி குறுகலானது, அதில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அயனிகள் நிற்கின்றன. பின்னால் வரப்போகும் கதைக்கு இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கால்வாய் திறந்து மூடுவதை நேரடியாக அளக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் முனை மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைத் தவளைத் தசையின் சவ்வில் அழுத்தி வைத்து, அந்தச் சிறு வட்டத்துக்குள் ஓடும் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். கோடு சமமாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு படி இறங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். ஒரு படி என்பது ஒரு கால்வாய். மின்னோட்டம் சில பிகோ ஆம்பியர். ஒரு பிகோ ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, ஆனால் அதற்குள்ளேயே விநாடிக்கு 62 லட்சம் அயனிகள் இருக்கின்றன. பொட்டாசியம் கால்வாய்களில் சில 10 பிகோ ஆம்பியருக்கு மேலும் கடத்தும். கணக்குப் போட்டால் ஆறு கோடிக்கு மேல் வருகிறது. எதையோ பிடித்துக் கைமாற்றிவிடும் புரதத்தால் இந்த வேகம் சாத்தியமே இல்லை. துளையாகத்தான் இருக்க வேண்டும்.

துளை என்றால் பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கிறது: சோடியம் ஏன் போகவில்லை? பெர்ட்டில் ஹில், கிளே ஆர்ம்ஸ்ட்ராங், ஃபிரான்சிஸ்கோ பெசனியா போன்றவர்கள் 1970களில் இதற்கு ஒரு யூகத்தைச் சொன்னார்கள். துளையின் மிகக் குறுகலான இடத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் உள்நோக்கி நிற்கலாம், அவை தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று. அருமையான யூகம். ஆனால் யாரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

டாக்டர் ஒருவர் ஆய்வகத்துக்குத் திரும்புகிறார்

மெக்கின்னன் 1956-இல் பிறந்தவர். பாஸ்டன் அருகே பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் கிறிஸ்டோபர் மில்லர். பிறகு மருத்துவம் படித்து, பாஸ்டனில் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தார். ஆனால் மனம் ஆராய்ச்சியில் இருந்தது. முப்பது வயதை ஒட்டி மில்லரின் ஆய்வகத்துக்கே திரும்பினார். அயனிக் கால்வாய்களில் அவர் வேலை தொடங்கியது அப்போதுதான்.

முதலில் அவர் கையில் எடுத்த கருவி தேள் விஷம். மேற்கு ஆசிய, வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் வாழும் ஒரு தேளின் விஷத்தில் சாரிப்டோடாக்சின் என்ற சிறிய புரதம் இருக்கிறது, வெறும் 37 அமினோ அமிலங்கள். அது பொட்டாசியம் கால்வாயின் வெளிவாயில் உட்கார்ந்து துளையை அடைத்துவிடும். (நம் ஊர்ச் செந்தேளின் விஷத்திலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நச்சு உண்டு, ஐபீரியோடாக்சின் என்று பெயர். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகிறது.) மெக்கின்னனின் தந்திரம் இதுதான்: கால்வாய்ப் புரதத்தில் ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றுங்கள், அந்த மாற்றம் கொண்ட மரபணுச் செய்தியைத் தவளை முட்டையில் செலுத்துங்கள், முட்டையே கால்வாயைத் தயாரித்துத் தன் சவ்வில் வைத்துக்கொள்ளும். இப்போது விஷத்தைச் சேர்த்து மின்னோட்டத்தை அளங்கள். விஷம் ஒட்டாமல் போனால், நீங்கள் மாற்றிய இடம் துளையின் வாயருகே இருக்கிறது என்று அர்த்தம்.

1987-இல்தான் முதல் பொட்டாசியம் கால்வாயின் மரபணு கிடைத்திருந்தது. மயக்க மருந்து கொடுத்தால் காலை உதறும் ஒருவகைப் பழ ஈயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் லில்லி ஜான், யூ நங் ஜான் குழுவினர். அந்த மரபணுவை வைத்துக்கொண்டு மெக்கின்னன் துளையின் வாய் எது என்று கண்டார். 1991-இல், விஷம் ஒட்டும் பிரதிகளையும் ஒட்டாத பிரதிகளையும் கலந்து அளந்து, ஒரு கால்வாய் நான்கு ஒரேமாதிரித் துண்டுகள் சேர்ந்து ஆனது என்று காட்டினார். ஒரு புரதத்தைப் பார்க்காமலே அதன் பாகங்களை எண்ணிவிட்டார். எனக்கு அவருடைய வேலைகளில் இது மிகவும் பிடித்த ஒன்று.

இதற்கிடையில் பல கால்வாய்களின் மரபணுக்கள் வந்து குவிந்தன. பழ ஈ, எலி, மனிதன், தாவரம், பாக்டீரியா என்று எதை எடுத்தாலும் பொட்டாசியம் கால்வாயில் ஒரு சின்னப் பகுதி ஏறக்குறைய மாறாமலே இருந்தது: த்ரியோனின், வேலின், கிளைசின், டைரோசின், கிளைசின். ஐந்து அமினோ அமிலங்கள், அதே வரிசை. அங்கே கை வைத்தால் கால்வாய்க்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தறியும் திறன் போய்விடுகிறது என்று மெக்கின்னன் குழு கண்டது. ஆக, ரகசியம் அந்த ஐந்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்தும் எப்படி நிற்கின்றன என்று பார்க்காமல் இதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது.

பார்ப்பதற்கு இருந்த ஒரே வழி, புரதத்தைப் படிகமாக்கி அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்துவது. சவ்வுப் புரதங்களைப் படிகமாக்குவது அப்போது பெரும் பாடு. சவ்வைவிட்டு வெளியே எடுத்தாலே அவை ஒன்றோடொன்று கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். சோப்பு போன்ற ஒரு பொருளில் கரைத்து வைத்திருக்க வேண்டும். மெக்கின்னனுக்கு எக்ஸ் கதிர்ப் படிகவியல் தெரியாது. ஹார்வர்டில் நல்ல பெயரோடு இருந்தவர், 1996-இல், நாற்பது வயதில், அதை விட்டுவிட்டு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஏறக்குறைய ஆரம்பத்திலிருந்து படிகவியலைக் கற்றுக்கொண்டார். வேதியியல் படித்த அவருடைய மனைவி ஆலிஸ் லீயும் அங்கே ஆய்வகத்தில் சேர்ந்துகொண்டார்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் லிவிடன்ஸ் என்ற பாக்டீரியாவின் கால்வாய். சிறியது, எளியது, ஆய்வகத்தில் நிறையத் தயாரிக்கலாம். ஆனால் பாக்டீரியாவின் கால்வாயைப் பார்த்து மனிதனின் கால்வாயைப் பற்றிப் பேசலாமா? அதற்கும் பழைய தேள் விஷமே சாட்சி சொன்னது. பாக்டீரியா கால்வாயின் வாயில் சில அமினோ அமிலங்களை மாற்றினால் போதும், தேள் நச்சு அதன்மேலும் போய் ஒட்டிக்கொண்டது. வாய் அமைப்பு ஒன்றுதான்.

படிகம் சரியாக வர, புரதத்தின் வால் பகுதியை ஒரு நொதியால் வெட்டி எறிந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வலுவான எக்ஸ் கதிர் மையத்துக்குப் படிகங்களைக் கொண்டுபோனார்கள். 1998 ஏப்ரலில் கட்டுரை வெளியானது. டெக்லன் டாயில் முதல் பெயர், மெக்கின்னன் கடைசிப் பெயர்.

துளைக்குள் என்ன இருக்கிறது

இப்போது ஒரு பொட்டாசியம் அயனியோடு சேர்ந்து உள்ளே போவோம். செல்லின் உள்பக்கத்திலிருந்து கிளம்புகிறோம். முதலில் ஒரு சுரங்கம், தண்ணீர் நிறைந்தது. அதைத் தாண்டினால் சவ்வின் நட்டநடுவில் சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் அகலத்தில் ஒரு குழி. கொழுப்புக்கு நடுவே, அயனிக்கு மிகவும் பயங்கரமாக இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீர் தேங்கி நிற்கிறது. நம் அயனியைச் சுற்றி இப்போதும் தண்ணீர் இருக்கிறது. போதாக்குறைக்கு, நான்கு புரதச் சுருள்கள் தங்கள் எதிர்மின் முனைகளை இந்தக் குழியை நோக்கியே நீட்டியிருக்கின்றன. நேர்மின் அயனிக்கு அது இதமான இடம்.

குழிக்கு அப்பால் பாதை சட்டென்று குறுகுகிறது. இதுதான் வடிகட்டும் பகுதி, நீளம் வெறும் 12 ஆங்ஸ்ட்ராம். அந்த ஐந்து அமினோ அமிலங்கள் இங்கேதான் இருக்கின்றன, நான்கு துண்டுகளிலிருந்தும் வந்து நான்கு பக்கமும் சுவராக நிற்கின்றன. தண்ணீரோடு நுழைய இங்கே இடம் கிடையாது. அயனி தன் தண்ணீரைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு ஈடாக, சுவரிலிருந்து ஆக்ஸிஜன் அணுக்கள் உள்நோக்கி நீண்டிருக்கின்றன. தண்ணீரின் ஆக்ஸிஜன் பிடித்திருந்த இடத்தைப் புரதத்தின் ஆக்ஸிஜன் பிடித்துக்கொள்கிறது. பொட்டாசியத்துக்கு எதுவும் இழப்பு இல்லை.

சோடியத்துக்கு? ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம், இருபக்கமும் கைப்பிடிக் கயிறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு தைரியமாக நடப்பார். சின்னப் பிள்ளைக்கு இரண்டும் எட்டாது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று தூரத்தில் நிற்கும். அதனால் அவன் அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்கவே மாட்டான். சோடியமும் இப்படித்தான். ஆக்ஸிஜன்கள் பொட்டாசியத்தின் அளவுக்குத் தகுந்த இடைவெளியில் நிற்கின்றன. சிறிய சோடியத்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட முடியாது. அதோடு, சிறிய அயனியைத் தண்ணீர் இன்னும் நெருக்கமாகப் பிடித்திருக்கும், கழற்றுவதற்கு ஆகும் செலவும் அதிகம். கொடுப்பது அதிகம், கிடைப்பது குறைவு. எனவே சோடியம் தண்ணீரைவிட்டு வருவதில்லை, தண்ணீரோடு நுழையவும் இடமில்லை. சிறியதாக இருப்பதே அதற்குத் தடை.

இந்த விளக்கத்தை 1998-இன் படம் காட்டியது. ஆனால் என்னைக் கேட்டால் 2001-இல் வந்த படம்தான் உண்மையான பொக்கிஷம். முதல் படத்தின் தெளிவு 3.2 ஆங்ஸ்ட்ராம் (இந்த எண் குறையக் குறையப் படம் துல்லியமாகும்). அதில் தண்ணீர் மூலக்கூறுகள் தெரியாது. அயனிகள் எங்கே நிற்கின்றன என்பதையே ஒரு மாற்று வழியில் கண்டுபிடித்தார்கள். பொட்டாசியத்துக்குப் பதிலாக அதைப் போலவே போகக்கூடிய ருபிடியத்தைக் கொடுத்தார்கள். பொட்டாசியம் அயனியில் 18 எலக்ட்ரான்கள், ருபிடியத்தில் 36. எக்ஸ் கதிருக்கு எலக்ட்ரான்தான் கண்ணில் படும். இரண்டு படங்களையும் கழித்துப் பார்த்தால் அயனி நிற்கும் இடம் புள்ளியாகத் துலங்கிவிடும். 2001-இல், எலியின் எதிர்ப்பொருள் துண்டு ஒன்றைக் கால்வாயோடு ஒட்டி இன்னும் ஒழுங்கான படிகம் வளர்த்தார்கள், தெளிவு 2 ஆங்ஸ்ட்ராமுக்கு வந்தது. நடுக்குழியில் நிற்கும் பொட்டாசியத்தைச் சுற்றி எட்டுத் தண்ணீர் மூலக்கூறுகள், மேலே நான்கு, கீழே நான்கு, கொஞ்சம் திருகிய சதுரங்களாக. அடுத்து வடிகட்டும் பகுதிக்குள் பார்த்தால், ஒவ்வொரு இருக்கையிலும் பொட்டாசியத்தைச் சுற்றி எட்டு ஆக்ஸிஜன், மேலே நான்கு, கீழே நான்கு. எண்ணிக்கை அதே, அடுக்கும் ஏறக்குறைய அதே. புரதம் தண்ணீரைப் போலவே வேடம் போட்டு நிற்கிறது. யூகமாக இருந்தது கண்ணெதிரே வந்துவிட்டது.

வடிகட்டும் பகுதியில் இப்படி நான்கு இருக்கைகள். சராசரியாக இரண்டில் அயனி இருக்கும், இடையிடையே தண்ணீர் என்பது மெக்கின்னன் தந்த விளக்கம். நேர்மின்னும் நேர்மின்னும் பக்கத்தில் நின்றால் தள்ளிக்கொள்ளும். ஆகவே கீழிருந்து மூன்றாவது அயனி நுழைந்ததும் மேலே இருப்பது வெளியே தள்ளப்படுகிறது. ஆக்ஸிஜன்கள் அயனியை நன்றாகப் பிடித்துக்கொண்டால் அது அங்கேயே மாட்டிக்கொள்ளாதா என்ற சந்தேகத்துக்குப் பதில் இதுதான். பிடிப்பு தேர்ந்தெடுக்கிறது, அயனிகளுக்கு இடையேயான விலக்கம் வேகம் கொடுக்கிறது. ஒரு அயனிக்குப் பத்து நானோ விநாடி போதும். 1955-இல் ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் சொன்ன ஒற்றை வரிசை இதுவே.

இந்த ஐந்து அமினோ அமிலங்களில் இரண்டு கிளைசின் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சென்னைக்குக் கொண்டுபோகிறது. ஆக்ஸிஜன்கள் எல்லாம் உள்நோக்கி நிற்க வேண்டுமானால் புரதச் சங்கிலி சில இடங்களில் வழக்கத்துக்கு மாறான கோணத்தில் திரும்ப வேண்டும். எந்த அமினோ அமிலம் எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு ஒரு வரைபடமாகத் தந்தார்கள். மற்ற அமினோ அமிலங்கள் சிரமப்படும் கோணங்களிலும் கிளைசின் சுலபமாகத் திரும்பும், ஏனென்றால் அதற்குப் பக்கக்கிளை என்று ஒரு ஹைட்ரஜன் மட்டுமே. கால்வாயின் அந்த இரண்டு கிளைசின்களும் ராமச்சந்திரன் வரைபடத்தின் அப்படிப்பட்ட ஒரு மூலையில்தான் நிற்கின்றன. வேறொன்றை அங்கே வைத்தால் சங்கிலி திரும்பாது, ஆக்ஸிஜன் வரிசை கலைந்துவிடும். பாக்டீரியா முதல் மனிதன் வரை அந்த இடம் மாறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரைப் பெட்டிக்குள்

இதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுபோகும் விஷயம் இல்லை. நம் வீட்டு மருந்துகளில் பலவற்றின் கதை கால்வாய்தான். பல் பிடுங்கும்முன் போடும் மரத்துப்போகும் ஊசியான லிக்னோகெயின் நரம்பின் சோடியம் கால்வாயை உள்பக்கத்திலிருந்து அடைக்கிறது. ஈறு சீழ் பிடித்திருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது என்று பல் டாக்டர்கள் சொல்வார்கள். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை கொண்டது, அங்கே மருந்து மின்சுமை ஏறிய நிலையில் அதிகம் இருக்கும், கொழுப்புச் சவ்வைக் கடந்து உள்ளே போக முடியாமல் தவிக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் கால்சியம் கால்வாயை அடைக்கிறது.

சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைட், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் பொட்டாசியம் கால்வாயில் வேலை செய்பவை. கணையத்தின் பீட்டா செல்லில் ஒரு பொட்டாசியம் கால்வாய் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகும், அது இந்தக் கால்வாயை மூடும். பொட்டாசியம் வெளியேறுவது நின்றதும் உள்ளே மின்னழுத்தம் மாறும், கால்சியம் கால்வாய்கள் திறக்கும், கால்சியம் நுழைந்ததும் இன்சுலின் வெளியே வரும். மாத்திரை செய்வது, ஏடிபிக்காகக் காத்திராமல் அந்தப் பொட்டாசியம் கால்வாயை மூடிவிடுவது. பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வரும் சில குழந்தைகளுக்கு இந்தக் கால்வாயின் மரபணுவில்தான் கோளாறு என்று 2004-இல் தெரியவந்தது. அவர்களுடைய கால்வாய் ஏடிபிக்குச் சரியாக மூடுவதில்லை. அதுவரை ஊசியாக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் பலர் மாத்திரைக்கு மாறிவிட்டார்கள். ஒரு கால்வாய் எப்படி மூடுகிறது என்று தெரிந்ததால் தினமும் குழந்தைக்கு ஊசி குத்த வேண்டிய கொடுமை போயிற்று.

தவறான கால்வாயை அடைத்தால் ஆபத்து. இதயத்தில் ஹெர்க் என்றொரு பொட்டாசியம் கால்வாய் இருக்கிறது. ஒவ்வாமைக்குக் கொடுத்துவந்த டெர்ஃபெனடின் சிலருக்கு அதை அடைத்து, இசிஜியில் ஒரு இடைவெளி நீண்டு, துடிப்பு குழம்பி உயிரையே பறித்தது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது எந்தப் புது மருந்தானாலும் ஹெர்க்கை அடைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

இன்னும் முடியாத வழக்கு

மெக்கின்னன் அடுத்து, மின்னழுத்தம் மாறினால் திறக்கும் கால்வாய்களின் பக்கம் போனார். 2003-இல் அவர் வெளியிட்ட முதல் அமைப்பு பலத்த விவாதத்தைக் கிளப்பியது. அதில் மின்னழுத்தத்தை உணரும் பாகம் இருக்கும் இடத்தைப் பலர் ஏற்கவில்லை. 2005-இல் எலியின் கால்வாயை வைத்து அவருடைய குழுவே இன்னும் தெளிவான படத்தைத் தந்தது.

நாம் மேலே பார்த்த விளக்கத்திலும் அடித்தளம் உறுதி, ஆனால் இரண்டு இடங்களில் வாதம் ஓய்ந்தபாடில்லை. முதலாவது, ஆக்ஸிஜன்கள் பொட்டாசியத்துக்கென்று அளவெடுத்த இடைவெளியில் நிற்கின்றன என்பது. புரதம் கல் இல்லை, சாதாரண வெப்பத்திலேயே அது ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள ஆர வித்தியாசத்தைவிட அதிகம். அப்படியானால் இடைவெளி எப்படி அவ்வளவு கறாராக இருக்கும்? 2004-இல் பெனுவா ரூ குழுவினர், இடைவெளி இறுகியிருக்க வேண்டியதே இல்லை, ஆக்ஸிஜன்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்வதே சோடியத்துக்குப் பாதகமாக அமைகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இரண்டாவது, அயனிகளுக்கு இடையே தண்ணீர் நிற்கிறதா என்பது. 2014-இல் கோட்டிங்கன் குழு ஒன்று கணினியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அயனிகளைக் கால்வாய் வழியே ஓடவிட்டுப் பார்த்து, இடையில் தண்ணீரே இல்லை, பொட்டாசியமும் பொட்டாசியமும் நேரடியாக ஒட்டி நின்று தள்ளிக்கொள்கின்றன, வேகத்துக்குக் காரணமே அதுதான் என்றது. தண்ணீரும் அயனியும் மாறி மாறிப் போகின்றன என்பவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அயனிகள் ஓடும்போது தண்ணீரும் கூடவே ஓடுகிறது என்று பழைய அளவீடுகள் காட்டியிருக்கின்றன, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் கேள்வி. அதன் பிறகு படிகங்களிலும் அகச்சிவப்புக் கதிர்களிலும் செய்த சோதனைகளில் சில ஒரு பக்கமும் சில மறுபக்கமும் சாய்ந்திருக்கின்றன.